தன் அலையின் மேல் தானே ஏறும் படகு

ஓட்டாஞ்சில்லு ஒன்றை எடுத்துக் குளத்து நீரின்மேல் சாய்வாக வீசி எறிந்திருக்கிறீர்களா? அது நீரைத் தொட்டுத் தொட்டுத் தத்திக்கொண்டே ஓடும். புதியவர் எறிந்தால் இரண்டு தத்தல்; கை பழகியவர் எறிந்தால் ஏழெட்டுத் தத்தல். வேகம் தீர்ந்ததும் 'குபுக்' என்று மூழ்கிப் போகும். ஓட்டாஞ்சில்லு நீரைவிட அடர்த்தி மிக்கது. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி பார்த்தால் அது ஒரு விநாடிகூட நீர்மேல் நிற்கக் கூடாது. ஆனாலும் ஓடுகிற வரையில் நிற்கிறதே, ஏன்?

சாய்ந்த சில்லின் அடிப்பரப்பு நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நீர் சில்லை மேல்நோக்கித் தள்ளுகிறது. அவ்வளவுதான். இந்த மேல்நோக்கு விசைக்கு வேகம்தான் உயிர். மிதப்பு விசை நின்றுகொண்டிருக்கும் பொருளுக்கும் கிடைக்கும். இந்த விசை ஓடுகிற பொருளுக்கு மட்டுமே கிடைக்கும்.

இதே விசையைக் கொண்டு 15 டன் எடையுள்ள ஒரு படகை நீரிலிருந்து பாதிக்கு மேல் வெளியே தூக்கி, நீரின் மேற்பரப்பில் சறுக்கி ஓடும்படிச் செய்யலாம். படகோட்டிகள் இதைப் 'பிளேனிங்' என்கிறார்கள். நாம் 'சறுக்கோட்டம்' என்று சொல்லிக்கொள்வோம். மிதந்து போகும் படகைச் சறுக்கோட்டத்துக்கு ஏற்றுவது எப்படி? அதில் மிகக் கடினமான கட்டம் எது? விடை உங்களுக்கு வியப்பளிக்கும். மிக அதிக வேகத்தில் ஓடுவது கடினமன்று. நடுவேகத்தைத் தாண்டுவதுதான் கடினம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் டார்பே என்றொரு விரிகுடா இருக்கிறது. அதன் கரையில் உள்ள ஊர் டார்க்கீ. கோடைக்காலத்தில் அங்கே உல்லாசப் படகுகள் நிறைந்திருக்கும். அவற்றுள் ஒன்றில் உங்களை ஏற்றிச் சுக்கான் சக்கரத்தின் முன்னால் நிறுத்துகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு வசதியாகப் படகின் அளவுகளை நாமே வைத்துக்கொள்வோம். மொத்த நீளம் 14 மீட்டர். நீரைத் தொடும் பகுதியின் நீளம் 12 மீட்டர். எடை 15 டன். பின்பகுதியின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டீசல் எஞ்சின்கள். ஒவ்வொன்றும் 400 குதிரைத்திறன். ஒவ்வோர் எஞ்சினும் தன் தண்டின் வழியாக ஓர் உந்து விசிறியைச் சுழற்றுகிறது. நடுத்தர அளவுள்ள மோட்டார் உல்லாசப் படகுகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். படகின் முன்முனையை நம் மீனவர் 'அணியம்' என்பர். பின்பகுதியை 'அமரம்' என்பர். இந்த அழகிய சொற்கள் இருக்க, 'முன்பக்கம், பின்பக்கம்' என்று நாம் ஏன் இழுக்க வேண்டும்?

அலை போடும் கட்டு

துறைமுகத்தை விட்டு மெல்ல வெளியே வருகிறோம். வேகம் 4 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்றே அதிகம். இந்த வேகத்தில் படகின் எடை முழுவதையும் ஆர்க்கிமிடீஸே தாங்குகிறார். படகு 15 டன் நீரை விலக்கிவிட்டு, அந்தப் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறது. நகரும்போது அந்தப் பள்ளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள். அணியம் நீரைப் பிளக்கும் இடத்தில் ஓர் அலை முகடு எழுகிறது. அதன் பின்னால் இன்னொரு முகடு, இன்னொன்று என்று படகின் ஓரமாகவே வரிசையாய் வருகின்றன. இந்த அலைகள் படகோடு சேர்ந்தே நகர்வதால், படகின் வேகம்தான் அலையின் வேகமும்.

இப்போது இயற்கையின் ஒரு கண்டிப்பான விதியைக் கவனியுங்கள். ஆழமான நீரில் அலையின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. அலைநீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்குங்கள், அலையின் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைத்துவிடும். வேகமான அலை நீளமாகத்தான் இருக்கும். குட்டையான அலையால் வேகமாக ஓட முடியாது.

4 நாட் வேகத்தில் அலைநீளம் ஏறக்குறைய 2.7 மீட்டர். நம் 12 மீட்டர் படகின் ஓரத்தில் நான்கு அலைகள் வசதியாக அடங்கும். 6 நாட் வேகத்தில் அலைநீளம் 6 மீட்டராகிவிடும். இரண்டு அலைகள்தான் அடங்கும். 8.4 நாட் வந்ததும் அலைநீளம் சரியாக 12 மீட்டர். அதாவது அணியத்தின் கீழே ஒரு முகடு, அமரத்தின் கீழே ஒரு முகடு, நடுவில் பள்ளம். தொட்டிலில் கிடக்கும் குழந்தைபோலப் படகு தன் சொந்த அலைக்குள் கிடக்கிறது.

இதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? 12 நாட் வேகத்துக்கு அலைநீளம் 24 மீட்டர். முதல் முகடு அணியத்தில்தான் இருக்கும். அடுத்த முகடோ அமரத்தையும் தாண்டி 12 மீட்டர் பின்னால் போய்விடும். அமரத்தின் கீழே இருப்பது வெறும் பள்ளம்! ஆகவே அமரம் பள்ளத்தில் இறங்குகிறது. அணியம் வானத்தை நோக்கித் தூக்கிக்கொள்கிறது. படகு மேட்டில் ஏறுகிற மாட்டுவண்டிபோலச் சாய்ந்துவிடுகிறது. அந்த மேடு ஊர்ந்து போகாமல் படகோடு சேர்ந்தே ஓடுவதால், படகு எவ்வளவு ஏறினாலும் உச்சி எட்டுவதில்லை. இதுதான் வேடிக்கை.

அலை போடும் இந்தக் கட்டினால்தான் சாதாரணக் கப்பல்கள் தங்கள் நீளத்துக்கேற்ற வேகத்தோடு நின்றுவிடுகின்றன. 200 மீட்டர் கப்பல் 25 நாட் வேகத்தில் அமைதியாகப் போகும். 12 மீட்டர் படகோ 8 நாட்டுக்கே மூச்சு வாங்கும். எஞ்சினின் குறைபாடன்று இது; நீளத்தின் குறைபாடு.

டார்க்கீயின் நீண்ட தொட்டி

உங்களை டார்க்கீக்கு அழைத்து வந்ததற்குக் காரணம் இதுதான். கப்பலுக்கும் அலைக்கும் உள்ள இந்தத் தொடர்பை அளந்து, அதற்கு ஒழுங்கான விதி வகுத்தவர் வில்லியம் ஃபுரூட். அவர் 1810-இல் இதே டெவன் மாவட்டத்தில் பிறந்தவர். டார்க்கீயில் தம் வீட்டின் அருகில், பிரிட்டிஷ் கடற்படையின் பண உதவியுடன், ஏறக்குறைய 85 மீட்டர் நீளமுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை அமைத்தார். 1872-இல் அது இயங்கத் தொடங்கியது. அந்தத் தொட்டியில் மெழுகினால் செய்த சிறு கப்பல் மாதிரிகளை இழுத்து, நீர் தரும் எதிர்ப்பை அளந்தார்.

சிறு மாதிரியில் அளந்ததைப் பெரிய கப்பலுக்கு எப்படிப் பொருத்துவது? ஃபுரூட் கண்ட வழி எளியது. மாதிரியையும் கப்பலையும் ஒரே வேகத்தில் ஓட்டக்கூடாது. இரண்டும் தத்தம் நீளத்தோடு ஒப்பிடும்போது ஒரே வடிவ அலையை எழுப்பும் வேகங்களில் ஓட்ட வேண்டும். நீளம் பதினாறில் ஒரு பங்கு என்றால் வேகம் நான்கில் ஒரு பங்கு. நம் படகுக்கு 75 சென்டிமீட்டர் நீளத்தில் மாதிரி செய்தால், 12 நாட்டுக்குப் பதில் 3 நாட் வேகத்தில் இழுத்தாலே அதே சாய்வு, அதே அலை எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் விரைவாக நடக்கும் வேகம்தான் அது. இன்றும் உலகெங்கும் கப்பல் வடிவமைப்பவர்கள் இவ்விதியையே நம்புகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும் இப்படிப்பட்ட இழுவைத் தொட்டி ஒன்று உண்டு.

அந்த 1872-ஆம் ஆண்டிலேயே ஒரு சுவையான நிகழ்ச்சி. சசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ராமஸ் என்ற பாதிரியார் கடற்படைக்கு ஒரு யோசனை அனுப்பினார். கப்பலின் அடிப்பாகத்தை ஆப்பு வடிவத்தில் படிபடியாக அமைத்தால், வேகமாக ஓடும்போது அது நீரிலிருந்து மேலெழும். அலையின் தொல்லை தீரும் என்பது அவர் வாதம். கடற்படை அதை ஃபுரூட்டிடம் சோதனைக்கு அனுப்பியது. யோசனையில் பெரிய தவறு இல்லை. ஆனால் அவ்வாறு மேலெழுவதற்குத் தேவையான திறனை அக்காலத்து நீராவி எஞ்சின் தர முடியாது. தரக்கூடிய அளவில் செய்தால் எஞ்சினின் எடையே படகை அமிழ்த்திவிடும் என்பது கணக்கில் தெரிந்தது. யோசனை காகிதத்தோடு நின்றது. எடை குறைந்த பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகுதான் அது உயிர் பெற்றது. 1910-இல் தார்னிகிராஃப்ட் என்ற கப்பல் பொறியாளர் கட்டிய 'மிராண்டா 4' என்ற சிறு படகு, அடியில் ஒரே ஒரு படி வைத்து ஏறக்குறைய 35 நாட் வேகத்தில் சறுக்கி ஓடியது. யோசனை தோன்றி முப்பத்தெட்டு ஆண்டுகள்! பாதிரியார் காத்திருந்தது எஞ்சினுக்காகத்தான்.

திமிலைத் தாண்டுவோம்

சரி, மீண்டும் சுக்கான் சக்கரத்துக்கு வருவோம். துறைமுகத்தின் வேகக் கட்டுப்பாட்டு எல்லையைக் கடந்துவிட்டோம். முன்னால் திறந்த கடல். உங்கள் வலக்கையின் அருகே இரண்டு நெம்புகோல்கள் இருக்கின்றன. இடப்புற எஞ்சினுக்கு ஒன்று, வலப்புற எஞ்சினுக்கு ஒன்று. உடனே இரண்டையும் முழுதாக முன்னால் தள்ளிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். பொறுங்கள்.

முதலில் சுற்றிலும் பாருங்கள். நீந்துவோர், சிறு துடுப்புப் படகுகள், மிதக்கும் கயிறுகள் எவையும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இதை இப்போதே செய்ய வேண்டும். ஏனெனில் சில விநாடிகளில் படகு ஏறக்குறைய 7 பாகை சாயப்போகிறது. 12 மீட்டர் நீளத்துக்கு 7 பாகைச் சாய்வு என்றால், அணியம் அமரத்தைவிட ஒன்றரை மீட்டர் உயர்ந்துவிடும். அப்போது முன்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அணியமே திரைபோல மறைத்துவிடும். படகில் இருப்பவர்களை உட்காரச் சொல்லுங்கள். அடுப்பில் தேநீர்க் கெண்டி இருந்தால் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். இது வேடிக்கைப் பேச்சன்று.

அடுத்தது எஞ்சின்களின் சூடு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றை மட்டும் பலமாக அழுத்தினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும்; அதில் டீசலைப் பீச்சியதும் தானே தீப்பற்றும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் இந்த எரிதல் சரியாக நடக்காது. வெப்பமானியின் முள் தன் இடத்துக்கு வந்த பிறகே பெருஞ்சுமையை ஏற்ற வேண்டும்.

இனி இரண்டு நெம்புகோல்களையும் ஒன்றாக, சீராக முன்னால் நகர்த்துங்கள். 'சீராக' என்பதற்குக் காரணம் இருக்கிறது. நெம்புகோலைத் தள்ளும்போது நீங்கள் கூட்டுவது டீசலைத்தான், காற்றை அன்று. கூடுதல் காற்றைத் தருவது டர்போ என்னும் விசையாழி. எஞ்சின் வெளியே கக்கும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழலும். அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி உருளைகளுக்குள் திணிக்கும். புகை பலமாக வந்தால்தான் டர்போ பலமாகச் சுழலும். டர்போ பலமாகச் சுழன்றால்தான் எஞ்சின் பலமாக எரிக்கும். முட்டை முதலா கோழி முதலா என்பது போன்ற நிலை! ஆகவே டர்போ விழித்துக்கொள்ள ஓரிரு விநாடிகள் தர வேண்டும். அதற்குள் டீசலை அள்ளிக் கொட்டினால், எரியக் காற்றில்லாமல் அது கரியாகி, கரும்புகையாக வெளியேறும். மேடேறும் பழைய லாரியின் பின்னால் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்றைய எஞ்சின்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, காற்று வந்து சேரும் வரை டீசலைப் பிடித்து வைக்கிறது.

வேகம் 9 நாட், 10 நாட் என்று ஏறுகிறது. அணியம் தூக்கிக்கொள்கிறது. பின்னால் பெரிய வெள்ளை அலை ஒன்று எழுந்து துரத்துவதுபோல் வருகிறது. எஞ்சின்கள் உறுமுகின்றன, ஆனால் வேகமானியின் முள் நகரத் தயங்குகிறது. 11... 12... படகு அலையின் முதுகில் சாய்ந்து ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றும். வேகத்துக்கு எதிராக நீரின் எதிர்ப்பைக் கோட்டுப்படமாக வரைந்தால், இந்த இடத்தில் கோடு திடுமென மேலெழுந்து மாட்டின் திமில்போல் நிற்கும். பொறியாளர்களும் அதைத் திமில் என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். (பழந்தமிழில் 'திமில்' என்ற சொல்லுக்கு மீன்பிடிப் படகு என்ற பொருளும் உண்டு. பொருத்தம் தற்செயலானது, ஆனாலும் இனிமையாக இருக்கிறது.)

திமிலில் எதிர்ப்பு எவ்வளவு? படகின் எடையில் ஏறக்குறைய 13 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 15 டன்னுக்கு அது 2 டன். அதாவது 2,000 கிலோகிராம் எடை. 12 நாட் என்பது விநாடிக்கு 6.2 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன்: 12,400. ஒரு குதிரைத்திறன் விநாடிக்கு 75 கிலோகிராம்-மீட்டர் ஆகையால், 75-ஆல் வகுக்க 165 குதிரைத்திறன். ஆனால் உந்து விசிறி நீரைக் கலக்கிச் சுழற்றுவதில் ஏறக்குறைய பாதியை வீணாக்கிவிடும். எனவே எஞ்சின்கள் தர வேண்டியது 330 குதிரைத்திறன். அமைதியாக 8 நாட் போக 80 குதிரைத்திறன்கூடத் தேவைப்படவில்லை. வேகத்தை ஒன்றரை மடங்காக்க நான்கு மடங்குக்கு மேல் திறன் கேட்கிறது!

இங்கே ஒரு கேள்வி எழும். ஓர் எஞ்சினே 400 குதிரைத்திறன் உள்ளது. தேவையோ 330. அப்படியானால் ஒரே எஞ்சினில் சறுக்கோட்டத்துக்கு ஏறலாமே? ஏற முடியாது. உங்கள் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறுகிறீர்கள். உங்கள் காலில் வலு இருக்கிறது. ஆனால் பெடல் சுற்றினால்தானே அந்த வலு வெளியே வரும்? படகிலும் அப்படியே. உந்து விசிறியின் இலைகள் அதிக வேகத்துக்கென வளைக்கப்பட்டவை. படகு மெதுவாக இருக்கையில் அவை நீரை மிகச் சாய்வாக வெட்டுவதால் கனமான சுமையாகின்றன. எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்ட முடியாமல் திணறும். முழுச் சுற்று இல்லையேல் 400 குதிரைத்திறனும் இல்லை. மேலும், இருவர் செய்யும் வேலையை ஒரே விசிறி செய்யும்போது வீணாவது அதிகரிக்கிறது. செத்துக் கிடக்கும் மற்ற விசிறி நீரை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு பக்கமாகத் தள்ளப்படும் படகை நேராக்கச் சுக்கானைத் திருப்பி வைக்க வேண்டும். அதுவும் ஒரு தடை. ஆகவே கடலில் ஓர் எஞ்சின் நின்றுபோனால், இவ்வகைப் படகு 8 நாட் வேகத்தில் அடக்கமாகத்தான் கரை திரும்பும். திரும்பிவிடும் என்பதே பெரிய ஆறுதல். கடலில் இரண்டு எஞ்சின் வைப்பதன் முதல் பயன் அதுவே.

திமிலில் படகு சிக்கித் தவிக்கும்போது உதவ ஒரு கருவி உண்டு. அமரத்தின் அடிவிளிம்பில், இரு பக்கமும் கதவுபோல் கீல் வைத்த இரண்டு எஃகுத் தகடுகள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் எண்ணெய் அழுத்தத்தால் அவை சற்றுக் கீழே சாயும். சாய்ந்த தகட்டின்மேல் நீர் மோதி அமரத்தை உயர்த்தும். அமரம் உயர்ந்தால் அணியம் தாழும். சாய்வு 7 பாகையிலிருந்து 4 பாகைக்கு வந்தாலே எதிர்ப்புக் கணிசமாகக் குறையும். ஆனால் அளவுக்கு மேல் தகட்டைச் சாய்த்தால் அணியம் நீருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, படகு எதிர்பாராமல் ஒரு பக்கம் திரும்பிவிடும். உப்புப் போடுவதுபோலத்தான், குறைவாகப் போட்டுப் பார்த்துக் கூட்டலாம்.

நீர் தரையாகும் நேரம்

13... 14... 15... திடீரென்று ஒரு மாற்றம். அணியம் தாழ்ந்து அடிவானம் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் துரத்திய அலை தட்டையாகிப் பின்தங்கிவிடுகிறது. எஞ்சினின் குரலில் சுமை இறங்கியது தெரிகிறது. நீங்கள் நெம்புகோலைத் தொடவில்லை. ஆனாலும் 16, 18, 20 என்று வேகம் தானே ஓடுகிறது. திமிலைத் தாண்டிவிட்டோம்.

என்ன நடந்தது? ஓடும் நீரின் மோதலழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 நாட் வேகத்தில் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.9 டன். 24 நாட்டில் வேகம் மும்மடங்கு. அழுத்தமோ ஒன்பது மடங்காகி, சதுர மீட்டருக்கு 8 டன் ஆகிறது. இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மேல்நோக்கு விசையாகக் கிடைக்கும். அதுவே போதும். நீரைத் தொடும் அடிப்பரப்பு 24 சதுர மீட்டர் என்றால், 8 சதவீதத்தைக் கணக்கிட்டாலே 15 டன் வந்துவிடுகிறது! இப்போது படகைத் தாங்குபவர் ஆர்க்கிமிடீஸ் அல்லர், நியூட்டன். படகு உயர்ந்ததும் நனைந்த பரப்புக் குறைகிறது. இழுத்துக்கொண்டு திரிந்த பள்ளமும் சிறிதாகிறது. 24 நாட்டுக்குரிய அலை கிட்டத்தட்ட 98 மீட்டர் நீளமானது. அவ்வளவு நீண்ட அலையின் சரிவு நம் சிறு படகுக்குத் தெரிவதேயில்லை.

இப்போது நெம்புகோல்களைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். தகடுகளையும் மேலே தூக்கிவிடுங்கள். அவற்றின் வேலை முடிந்தது.

செலவுக் கணக்கைப் பாருங்கள். டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.2 லிட்டர் குடிக்கும். 12 நாட் வேகத்தில் 330 குதிரைத்திறனுக்கு 66 லிட்டர். கடல் மைலுக்கு 5.5 லிட்டர். 24 நாட் வேகத்தில் இதே முறையில் கணக்கிட்டால் ஏறக்குறைய 630 குதிரைத்திறன் வரும்; மணிக்கு 126 லிட்டர்; கடல் மைலுக்கு 5.3 லிட்டர். இருமடங்கு வேகத்தில் போனாலும் மைலுக்குச் செலவு கூடவில்லை! 8 நாட்டில் போனால் 2 லிட்டர்தான் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிக்கனக்காரர் 8-இல் போகலாம்; அவசரக்காரர் 24-இல் போகலாம்; 12-இல் போகிறவருக்குத்தான் இரண்டு நன்மையும் இல்லை. இந்த எண்கள் நாம் எடுத்துக்கொண்ட படகுக்கான தோராயக் கணக்கே. ஆயினும் எல்லாச் சறுக்கோட்டப் படகுகளிலும் கதை இதுதான்.

எந்தப் படகும் இப்படி ஏறிவிடுமா? ஏறாது. அமரம் உருண்டையாக மேல்நோக்கி வளைந்திருந்தால், நீர் அந்த வளைவைத் தழுவி ஓடிப் படகைக் கீழே இழுக்கும். சறுக்கோட்டப் படகின் அடி பின்னால் நேராக ஓடி, கத்தியால் வெட்டியதுபோல் முடிய வேண்டும். தட்டையான அடி நன்றாகத் தூக்கும். ஆனால் அலைமேல் விழும்போது முதுகெலும்பு அதிரும். இதற்கு விடை கண்டவர் ரே ஹண்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அடியை அமரம் வரை ஆழமான ஆப்பு வடிவில் அமைத்தார். அவ்வடிவில் கட்டிய 'மாப்பி' என்ற படகு 1960-இல் மயாமியிலிருந்து நாசோ வரை நடந்த பந்தயத்தில், கொந்தளித்த கடலில் மற்றவற்றை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி வென்றது. ஆப்பு வடிவம் சற்று அதிகத் திறன் கேட்கும். ஆனால் பயணிகளின் பற்களைக் காப்பாற்றும். இன்றைய படகுகள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன.

எடையும் அழுக்கும் சறுக்கோட்டத்தின் பகைவர்கள். தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டி இரண்டையும் நிரப்பி, விருந்தாளிகளையும் ஏற்றினால் ஒரு டன் கூடிவிடும். அடிப்பாகத்தில் பாசியும், கொட்டலசு என்னும் ஓட்டுயிர்களும் படிந்தால் வழவழப்பு போய் உராய்வு பெருகும். சென்ற ஆண்டு எளிதில் ஏறிய படகு இவ்வாண்டு திமிலிலேயே நின்று புகை கக்கினால், எஞ்சினைக் குறை சொல்லுமுன் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது.

இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின்களின் ஒலி சீராக இல்லாமல் 'வூம்... வூம்...' என்று ஏறி இறங்குகிறதா? நீங்கள் இயற்பியலில் படிக்கும் விம்மல்கள்தாம் அவை. ஆறு உருளைகள் கொண்ட நான்குவீச்சு எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு 120 வெடிப்பு. மற்ற எஞ்சின் 2,380 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 119. வேறுபாடு ஒன்று, ஆகவே விநாடிக்கு ஒரு விம்மல். ஒரு நெம்புகோலை மயிரிழை நகர்த்தினால் விம்மல் நீண்டு, நீண்டு, மறைந்துவிடும். அப்போது இரு எஞ்சின்களும் ஒரே சுற்றில் ஓடுகின்றன. சுற்றுமானியின் முள்ளைவிடக் காது நுட்பமானது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

வீட்டிலேயே திமிலைப் பார்க்கலாம். 12 சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டையான தெர்மோகோல் துண்டின் முன்விளிம்பை அடியில் சற்றுச் சரிவாகச் சீவி, ஒரு நூல் கட்டுங்கள். மேலே ஓரிரு நாணயங்களை ஒட்டுங்கள். நீர் நிறைந்த நீண்ட சிமெண்டுத் தொட்டியில், பெரியவர் ஒருவரின் துணையோடு, இழுத்துப் பாருங்கள். 2 மீட்டர் தூரத்தை மூன்றேகால் விநாடியில் கடக்கும் வேகத்தில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும். ஒன்றரை விநாடியில் கடக்கும்படி இழுத்தால் தாழ்ந்து வழுக்கிக்கொண்டு ஓடும். நூலின் நுனியில் சிறிய சுருள்வில் தராசைக் கட்டினால் எதிர்ப்பையும் ஓரளவு அளக்கலாம்.

இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு. 24 நாட்டில் ஓடும்போது நெம்புகோல்களை வெடுக்கென்று பின்னால் இழுத்துவிட்டால், தாங்கிய விசை மறைந்து 15 டன்னும் நீருக்குள் உட்காரும். படகு நின்றுவிடும், ஆனால் அது பின்னால் எழுப்பி வைத்த அலை நிற்காது. அது வந்த வேகத்திலேயே அமரத்தை எட்டி, மேல்தளத்தின் மீது புரண்டு உள்ளே கொட்டக்கூடும். ஆகவே முதலில் 18-க்கு வாருங்கள். பிறகு திமிலில் தங்காமல், படிப்படியாக 8-க்கு இறங்குங்கள். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்கள் அலை உங்கள் படகைத் தூக்கிவிட்டு, அடியில் நழுவி, முன்னால் போய்விடும். அது போன பிறகு நெம்புகோலை நடுநிலைக்குக் கொண்டு வரலாம்.